குடும்பச் சட்டம், கேள்வி பதில்: பிரிந்து வாழ்கிறோம், மணமுறிவு ஆகிவிட்டதா?

இந்த மாதம் சேலம் நகரம், ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு ஆகிய இடங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மணமுறிவு பற்றியவை. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு 2014 இல் கோயிலில் திருமணம் நடந்தது. கணவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். ஒத்துப்போகாததால் 2019 இல் இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, எனக்குப் போட்ட நகைகளைத் திருப்பிக் கொடுத்து, 100 ரூபாய் முத்திரைத் தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். தாலியையும் அன்றே கழற்றிக் கொடுத்துவிட்டேன். இப்போது வீட்டில் எனக்கு வேறு வரன் பார்க்கிறார்கள். அந்தப் பத்திரம் போதுமா, ஐயா? (வாசகி, அம்மாபேட்டை)

பதில்: போதாது, அம்மா. இந்துத் திருமணச் சட்டம், 1955 இன்படி நடந்த திருமணத்தை நீதிமன்றத்தின் தீர்ப்பாணை ஒன்றே முடிவுக்குக் கொண்டுவர முடியும். நோட்டரியின் முத்திரை, நீங்கள் இருவரும் அவர் முன்னிலையில் கையெழுத்திட்டீர்கள் என்பதைத்தான் காட்டுமே தவிர, எழுதப்பட்ட விஷயத்துக்குச் சட்ட வலிமை எதையும் தராது. இத்தகைய பத்திரங்கள் என் மேசைக்கு அடிக்கடி வருவதுண்டு. ‘விடுதலைப் பத்திரம்’ என்று தலைப்பிட்டு, காடு தோட்டம் விற்கும்போது எழுதும் வாசகத்தையே எடுத்து, ‘நாளது தேதி முதல் ஒருவர்மீது ஒருவருக்கு எவ்விதப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை’ என்று முடித்திருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதை நம்பி மறுமணம் செய்தவர்கள்தான் பின்னாளில் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு சமூகத்தில் மணத்தைத் தீர்த்துவிடும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவருமானால், அந்த வழக்கத்தை இச்சட்டத்தின் 29(2) ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அப்படியொரு வழக்கம் இருக்கிறது என்பதை, அதைச் சொல்பவரே சாட்சியங்களோடு நிரூபிக்க வேண்டும். ‘எங்கள் பக்கம் இப்படித்தான் தீர்த்துக்கொள்வோம்’ என்று சொல்வது நிரூபணம் ஆகாது.

எனவே, தீர்ப்பாணை இல்லாமல் நீங்கள் மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82 ஆம் பிரிவின்கீழ் அது ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். முதல் திருமணத்தை மறைத்துச் செய்திருந்தால் தண்டனை பத்தாண்டு வரை போகலாம். அந்த மணத்தில் பிறக்கும் பிள்ளைகளைச் சட்டம் முறையான பிள்ளைகளாகவே ஏற்றுக்கொள்ளும் என்றாலும், உங்களுக்கு மனைவி என்ற உரிமை வராது.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடவும் வேண்டாம். நீங்கள் இருவரும் 2019 முதல் தனித்தனியே வாழ்கிறீர்கள் என்பதற்கும், நகைகள் திரும்ப வந்துவிட்டன என்பதற்கும் அது நல்ல சான்று. 13பி பிரிவின்கீழ் பரஸ்பர சம்மத மணமுறிவு கோருவதற்கு, ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இனிச் சேர்ந்து வாழ இயலாது என்பதையும் மணத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதையும் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மனுவுக்கும் இறுதி விசாரணைக்கும் இடையில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஏற்கெனவே பிரிந்திருந்து, சமரச முயற்சிகள் பலிக்காமல், ஜீவனாம்சம், பிள்ளைகள் பொறுப்பு போன்றவையும் பேசி முடிந்திருந்தால், அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 இல் தீர்ப்பளித்தது. உங்கள் நிலைமை இதற்குப் பெரிதும் பொருந்துகிறது. திருமணம் எங்கே நடந்திருந்தாலும், மனைவி மனுதாரரானால் தாம் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம் என்பதால், சேலம் குடும்ப நல நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம். திருமண அழைப்பிதழ், புகைப்படம், இருவரின் அடையாள ஆவணங்கள், அந்த முத்திரைத் தாள் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

கணவர் சம்மதிக்க மறுத்தால் என்ன செய்வது என்பதில்தான் அந்தப் பத்திரம் உங்களுக்கு இடையூறு செய்யும். ‘கைவிட்டுச் சென்றார்’ என்ற காரணம் நிற்க வேண்டுமானால், மனுத் தாக்கல் செய்வதற்கு முன் தொடர்ந்து ஈராண்டுகள், தக்க காரணமின்றியும் மற்றவரின் சம்மதமின்றியும் அவர் பிரிந்திருக்க வேண்டும். மணவாழ்வை நிரந்தரமாக விட்டுவிடும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பிபின்சந்திரா வழக்கிலேயே, அதாவது 1950 களிலேயே, விளக்கிவிட்டது. இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுப் பிரிந்த இடத்தில், ஒருவர் மற்றவரைக் கைவிட்டார் என்று சொல்ல வழியில்லை. அப்போது கொடுமை, வேறொருவருடனான உறவு போன்ற மற்ற காரணங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே முதலில் சம்மதத்துக்கு முயலுங்கள். கணவருக்கும் மறுமணம் செய்யும் எண்ணம் இருந்தால் இந்தத் தீர்ப்பாணை அவருக்கும் தேவை என்பதைப் பெரியவர்கள் எடுத்துச் சொன்னால், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கேள்வி: திருமணமாகிப் பத்து மாதம் ஆகிறது. மனைவி சமையலில் அக்கறை காட்டுவதில்லை. தினமும் தாயாருடன் ஒரு மணி நேரம் போனில் பேசுகிறார். கோபித்துக்கொண்டு மூன்று மாதமாகத் தாய்வீட்டில் இருக்கிறார். கொடுமை என்ற காரணத்தில் விவாகரத்துக் கோரலாமா? (வாசகர், ஆத்தூர்)

பதில்: இப்போதைக்கு எந்தக் காரணத்திலும் கோர முடியாது. திருமணமாகி ஓராண்டு முடியாமல் மணமுறிவு மனுவை நீதிமன்றம் ஏற்காது என்கிறது இந்துத் திருமணச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு. மிகக் கடுமையான துன்பம் நேர்ந்த வழக்குகளில் மட்டும் தனி அனுமதி கிடைக்கலாம். போனில் தாயாரிடம் பேசுவது அந்த வகையில் சேராது.

ஓராண்டு கழிந்த பிறகும் நீங்கள் சொல்லும் காரணங்கள் நிற்கும் என்று தோன்றவில்லை. 1976 திருத்தத்துக்குப் பிறகுதான் கொடுமை என்பது மணமுறிவுக்கே ஒரு காரணமாகச் சேர்ந்தது. அதுவரை, மணத்தை முறிக்காமல் தனித்து வாழ மட்டும் நீதிமன்றம் தரும் ஆணைக்கே அது காரணமாக இருந்தது. உடலைத் துன்புறுத்துவதோடு மனத்தைத் துன்புறுத்துவதும் அதில் அடங்கும். மனக் கொடுமைக்கு உதாரணங்களைத் தொகுத்துச் சொன்ன 2007 ஆம் ஆண்டு சமர் கோஷ் தீர்ப்பிலேயே, அன்றாட வாழ்க்கையில் எல்லாக் குடும்பங்களிலும் வந்துபோகும் சின்னஞ்சிறு மனத்தாங்கல்கள் போதாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பொய்யான குற்றப் புகார் கொடுத்து கணவரையும் வயதான பெற்றோரையும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைக்கழிப்பது, வேலை செய்யும் இடத்தில் வந்து அவமானப்படுத்துவது, காரணமே இல்லாமல் நெடுங்காலம் தாம்பத்தியத்தை மறுப்பது ஆகியவை கொடுமை என்று தீர்ப்பான வழக்குகள் உண்டு. கணவர் மனைவிக்கு இழைக்கும் கொடுமைகளின் பட்டியல் இன்னும் நீளமானது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

9 ஆம் பிரிவின்கீழ், பிரிந்து சென்றவர் சேர்ந்து வாழ வர வேண்டும் என்று கோரி மனுச் செய்யும் வழி ஒன்று இருக்கிறது. அதில் தீர்ப்பாணை கிடைத்து ஓராண்டு வரை சேர்ந்து வாழாவிட்டால், அதுவே இருவரில் யார் வேண்டுமானாலும் மணமுறிவு கோரக் காரணமாகும். சில வழக்கறிஞர்கள் இதைப் படிக்கட்டாக வைத்துக்கொள்கிறார்கள். மனைவியை உண்மையிலேயே அழைத்துவர விரும்பினால் மட்டும் அந்த மனுவைப் போடுங்கள்; விரும்பினால், மனுவுக்கு முன்பே ஒருமுறை நேரில் போய் மாமனார் மாமியாரிடம் பேசிப் பார்க்கலாம்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டு மலைக் கிராமத்தைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினர். என் அக்காவின் கணவர் குடித்துவிட்டு அடிப்பதால், ஊர்ப் பெரியவர்கள் கூடி, பரியப் பணத்தை (மணத்தின்போது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குத் தந்ததை) திருப்பிக் கொடுக்கச் செய்து, மணத்தைத் தீர்த்துவிட்டார்கள். இப்போது அரசு அலுவலகத்தில் ‘கோர்ட் ஆர்டர் கொண்டுவா’ என்கிறார்கள். அது எங்களுக்கும் தேவையா? (வாசகர், ஏற்காடு)

பதில்: உங்கள் கடிதம் முதல் கடிதத்தைப் போலத் தோன்றினாலும், சட்டம் வேறு. இந்துத் திருமணச் சட்டத்தின் 2(2) ஆம் பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலொழிய, அச்சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. சேலம் மாவட்ட மலையாளிகள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். எனவே உங்கள் திருமணமும் அதன் முறிவும் உங்கள் சமூக வழக்கத்தைத்தான் சார்ந்திருக்கின்றன. அம்மாபேட்டை வாசகிக்குச் செல்லாத பெரியவர்களின் தீர்ப்பு, உங்கள் அக்காவுக்குச் செல்லக்கூடும்.

‘செல்லக்கூடும்’ என்று நான் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கம் என்பது தொன்மையானதாகவும், இடையறாததாகவும், இன்னதுதான் என்று வரையறுத்துச் சொல்லக்கூடியதாகவும், நியாயத்துக்கு ஒத்ததாகவும் இருக்க வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு, வழக்கத்தைக் காட்டி உரிமை கோருபவருடையது. கணவர் சந்தால், மனைவி ஒராவோன் என்று வெவ்வேறு பழங்குடிகளைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கில், இரண்டாம் திருமணம் செல்லாது என்ற வழக்கம் இருப்பதாக மனைவி சொன்னபோது, அது முறைப்படி எடுத்துரைக்கப்பட்டு நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2001 இல் அவருடைய கோரிக்கையை ஏற்க மறுத்தது. எனவே வழக்கம் இருப்பதாக நீங்கள் நம்புவது மட்டும் போதாது.

இதற்கு ஆகவேண்டியது என்னவென்றால், உங்கள் அக்காவின் மணம் வழக்கப்படி முறிந்துவிட்டது என்று அறிவிக்கக் கோரி குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வது. ஒருவருடைய மண நிலையை அறிவிக்கும் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தைக் குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 1984 இன் 7 ஆம் பிரிவு அந்த நீதிமன்றத்துக்கு வழங்குகிறது. நீங்கள் கேட்பது மணத்தை முறித்துத் தரும் தீர்ப்பு அன்று. முறிந்ததை உறுதிசெய்யும் தீர்ப்பு. கூட்டம் எந்த நாளில், எந்த இடத்தில், யார் யார் முன்னிலையில் நடந்தது, பரியம் எவ்வளவு, யார் கையில் கொடுக்கப்பட்டது, இதற்கு முன் உங்கள் ஊரில் இதேபோலத் தீர்க்கப்பட்ட மணங்கள் எவை, அவர்களில் மறுமணம் செய்து வாழ்பவர்கள் யார் என்பதையெல்லாம், வயதில் மூத்தவர்களைக் கேட்டு இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாட்சிக் கூண்டில் பெரியவர்கள் சொல்ல வேண்டியது இவற்றைத்தான்.

அடி உதை பற்றியும் சொல்லியிருக்கிறீர்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005 ஆம் ஆண்டுச் சட்டமும், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 ஆம் பிரிவு என்று அறியப்பட்டு 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144 ஆம் பிரிவாகிவிட்ட ஜீவனாம்ச ஏற்பாடும், சாதி சமயம் பழங்குடி என்ற வேறுபாடில்லாமல் எல்லாருக்கும் பொருந்தும். வழக்கறிஞருக்குச் செலவழிக்க வசதியில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமலே இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் தருகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேரில் விண்ணப்பிக்கலாம், அல்லது 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ‘கோர்ட் ஆர்டர் கொண்டுவா’ என்ற அரசு அலுவலக ஊழியர் கேட்டதிலும் முழுத் தவறு இல்லை. அவருக்குத் தேவை ஓர் ஆவணம், உங்கள் கையில் அது இன்னும் இல்லை.

கேள்வி: நான் கத்தோலிக்கர், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கராக இருக்கிறேன். மறைமாவட்டத் திருச்சபை நீதிமன்றம் என் திருமணம் செல்லாது என்று தீர்ப்புக் கொடுத்துவிட்டது. இனிக் கோயிலில் மறுமணம் செய்யத் தடையில்லை என்கிறார்கள். சரிதானா? (வாசகர், ஏற்காடு)

பதில்: திருச்சபையைப் பொறுத்தவரை தடையில்லை, நாட்டின் சட்டத்தைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் மணமானவர்தான். திருச்சபைத் தீர்ப்பு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்கு ஈடாகாது என்று மோலி ஜோசப் வழக்கில் 1996 இலேயே உச்ச நீதிமன்றம் முடிவுசெய்துவிட்டது. 1869 ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத் தீர்ப்பாணை பெற்ற பிறகே மறுமணம் செய்யலாம். பழைய சட்டத்தில் கிறிஸ்தவக் கணவருக்கு மனைவியின் பிறழ்ந்த உறவு மட்டுமே போதும், மனைவிக்கோ அதோடு கொடுமை அல்லது கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்ற பாரபட்சம் இருந்தது. 2001 திருத்தம் அதைப் போக்கி, இருவருக்கும் பொதுவாகக் கொடுமை, ஈராண்டு கைவிடுதல், ஏழாண்டு தகவலின்மை முதலிய காரணங்களை வகுத்தது. பரஸ்பர சம்மதத்துக்கான 10ஏ பிரிவையும் சேர்த்தது. அதில் ஈராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்று எழுதப்பட்டுள்ளது. கேரள உயர் நீதிமன்றம் 2010 இல் அதை ஓராண்டு என்று வாசிக்கச் சொன்னது என்றாலும், இங்கே ஈராண்டைக் கணக்கில் கொண்டு திட்டமிடுவதே பாதுகாப்பு.

கேள்வி: திருமணத்துக்குப் பிறகுதான் கணவர் மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தது. வேலைக்குப் போகிறார், என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார். ஆனால் ‘இதுவே போதும், விவாகரத்து வாங்கிவிடலாம்’ என்று என் அண்ணன் சொல்கிறார். (வாசகி, சூரமங்கலம்)

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதுபோல நோயின் பெயர் மட்டும் போதாது. குணமாகாத மனநலக் குறைவோ, அவரோடு சேர்ந்து வாழும்படி உங்களிடம் நியாயமாக எதிர்பார்க்க முடியாத அளவுக்கு முற்றிய கோளாறோ இருக்க வேண்டும் என்பதுதான் இந்துத் திருமணச் சட்டத்தின் 13(1)(iii) பிரிவு. மனச்சிதைவு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்ததே காரணமாகாது, அதன் தீவிரத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988 இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் விளக்கியது. மாத்திரையால் கட்டுப்பட்டு, வேலைக்கும் போய்வரும் ஒருவரை அந்த வரையறைக்குள் கொண்டுவருவது கடினம். உண்மையை மறைத்துத் திருமணம் செய்ததால் சம்மதமே செல்லாது என்று வாதிட விரும்பினால், அது வேறு மனு. உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் போட வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அதுவும் நிற்காது. அன்பாக இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அண்ணனின் யோசனையைக் கேட்பதற்கு முன் கணவரின் மருத்துவரைச் சந்தித்துப் பேசுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் பதினான்கு ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்கிறோம். அவர் சம்மதம் தர மறுக்கிறார். ‘மீளமுடியாதபடி முறிந்த மணம்’ என்று சொல்லி டெல்லியில் உடனே தீர்ப்புத் தருகிறார்களாமே, சேலத்தில் ஏன் தரவில்லை? (வாசகர், ஓமலூர்)

பதில்: இந்துத் திருமணச் சட்டத்தின் காரணங்களில் அது இன்றுவரை இடம்பெறவில்லை என்பதே விடை. அதைச் சேர்க்கும்படி நவீன் கோலி வழக்கில் 2006 இல் உச்ச நீதிமன்றம் பரிந்துரைத்தது. 2010 இல் மசோதாவும் வந்தது, சட்டமாகாமலே காலாவதியானது. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில், அரசியலமைப்பின் 142 ஆம் உறுப்பு தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு இந்தக் காரணத்தில் மணத்தை முறிக்கலாம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது. அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உரியது; குடும்ப நல நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் இல்லை. அதை உரிமையாகக் கேட்கவும் முடியாது, அதற்காகவே நேராக உச்ச நீதிமன்றத்தில் மனுப் போடவும் முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஆயினும் பதினான்கு ஆண்டுப் பிரிவு பயனற்றுப் போய்விடாது. நெடுங்காலப் பிரிவையும், இருபக்கமும் குவிந்த வழக்குகளையும் சேர்த்துப் பார்த்து, அதையே கொடுமை என்று கொள்ளலாம் என்று ராகேஷ் ராமன் வழக்கில் 2023 இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், உங்கள் மனுவைக் கொடுமை, கைவிடுதல் ஆகிய காரணங்களில் கட்டமைக்க இடமிருக்கிறது. ஆனால் வீட்டை விட்டுப் போனவர் யார் என்பதை உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. தம் தவற்றின் பயனைத் தாமே அடைய யாரையும் 23 ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. மனைவியையும் பிள்ளைகளையும் நீங்கள் விட்டுச் சென்றிருந்தால், நீங்கள் காட்டும் ஆண்டுக் கணக்கு உங்களுக்கு எதிராகவே பேசும்.

அவர் ஏன் மறுக்கிறார் என்றும் யோசித்துப் பாருங்கள். என் அனுபவத்தில், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு மறுக்கும் மனைவியர் பலருக்குக் கணவர்மீது இருந்த கோபம் என்றோ ஆறிவிட்டது. குடியிருக்கும் வீடு, மகளின் படிப்பு, கணவர் காலத்துக்குப் பின் வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் ஆகியவைதாம் அவர்களைத் தடுக்கின்றன. மணமுறிவோடு சேர்ந்து 25 ஆம் பிரிவின்கீழ் நிரந்தர ஜீவனாம்சம் எவ்வளவு, எப்போது, எப்படித் தருவீர்கள் என்பதை எழுத்தில் முன்வைத்து, வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீதிமன்றத்தைக் கேளுங்கள். வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் இரு தரப்பும் பிரமாண வாக்குமூலத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்று 2020 இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. அதில் எதையும் மறைக்காமல் எழுதுங்கள், மனைவியின் வழக்கறிஞர் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான்.